ஏழாம் சானலும் ஒரு ரப்பர் பேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். எங்கள் கன்டெய்னர் யார்டில் இருக்கிற வாக்கி டாக்கிகளை மொத்தமாக மாற்றப் போகிறோம் என்று மேலாளர் இன்று அறிவித்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் பிளக்கவில்லை. "நீங்க எப்போ சொன்னீங்க, யார்கிட்ட சொன்னீங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். பலரிடம் சொன்ன விஷயத்தில் குறிப்பாக ஒருவரை எப்படி நினைவு வைத்துக்கொள்வது?

மாற்றுவதற்குக் காரணம் விசிலின் ஷூ. விசில் என்பவன் கிரேனுக்குக் கீழே நின்று, கன்டெய்னர் பெட்டியை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இறக்கு, நிறுத்து என்று மேலே சொல்கிறவன். ரேடியோ வருவதற்கு முன்னால் விசில் ஊதித்தான் சொல்வான், பெயர் நின்றுவிட்டது. போன மாதம் ஒரு பெட்டி இறங்கும்போது "நிறுத்து" என்று கத்தியிருக்கிறான். சானல் காலியாக இல்லை. யார்டு முழுவதற்கும் ஒரே சானல், ஏழாம் சானல். அதில் கண்ட்ரோல் ரூமிலிருந்து நான் பேசிக்கொண்டிருந்தேன். கிரேன் ஓட்டுகிறவர் நாள் முழுக்க மேலேயே இருப்பதால் அவரை மேல்வீட்டுக்காரர் என்போம்; அவர் காதில் விழுந்தது, நான் கப்பலில் போன கதை. பெட்டி ஷூவின் முனையில் உட்கார்ந்தது. ஷூ அவனுடைய அண்ணனுடையது, ஒரு அளவு பெரிசு, விரல்கள் தப்பின.

ஒரே சானலில் இத்தனை பேரைக் கட்டிவைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அப்போதே சொன்னேன். சொன்னது சம்பவத்துக்குப் பிறகு. ஆனாலும் முதலில் சொன்னது நான்தான்.

மார்ச் 5, புதன்

புது ரேடியோ போட வருகிற இன்ஜினியர் வேறு யாருமல்ல, என் அக்கா மகள். மூன்று மாதமாக எங்கள் வீட்டு முன் அறையில்தான் இருக்கிறாள். அவளை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான் என்று யார்டில் சொல்லிவைத்திருக்கிறேன். (பரீட்சை எழுதினாள், அதுவும் உண்டு.)

இன்னும் தற்காலிகம்தான். புது ரேடியோவின் வெள்ளோட்டம் சரியாக நடந்தால் வேலை நிரந்தரம். கோளாறு ஆனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சாப்பிடும்போது இதை அவளே சாதாரணமாகச் சொன்னாள். சோற்றை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அக்கா போனில் கூப்பிட்டு, "தம்பி, அவ வேலையில நீ கைய வெக்காதடா" என்றாள். பயம், நான் கை வைத்தால் பெயர் முழுக்க எனக்கு வந்துவிடுமோ என்று. தாய்க்கு இருக்கத்தானே செய்யும்.

மார்ச் 10, திங்கள்

புது ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று அவளிடம் கேட்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்குத் தெரிகிறதா என்று பார்க்க.

"ஒரே சானல்ல உக்காந்து பேசாது மாமா. ஒரு வார்த்தைய நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள பல சானலுக்குத் தாவிடும். இங்கயிருந்து அங்க, அங்கயிருந்து வேற எங்கயோ. பேசற செட்டுக்கும் கேக்கற செட்டுக்கும் அடுத்து எங்க தாவணும்னு முன்னாடியே தெரியும். ரெண்டும் ஒண்ணாத் தாவும். நடுவுல எவனாவது ஒரு சானல அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அந்தத் துணுக்கு மட்டும்தான் போகும். வார்த்தை போகாது."

"அடைச்சுக்கிட்டே இருந்தா?"

"இந்தச் சானல் சரியில்லைன்னு குறிச்சு வெச்சுக்கிட்டு, அத விட்டுட்டுத் தாவும்."

இது ஒன்றும் புதிது இல்லை என்றேன். எங்கள் கேன்டீனில் தினமும் நடக்கிறது. நான் தட்டோடு போய் மேல்வீட்டுக்காரர், கேட் ஆள், விசில் எல்லோரும் இருக்கிற மேசையில் உட்கார்வேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் எழுந்து ஜன்னல் பக்க மேசைக்குப் போவார்கள். நானும் போவேன். உடனே கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசை. ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எல்லோரும் சரியாக ஒரே மேசைக்குத்தான் போவார்கள். என்ன ஒரு ஒழுங்கு!

அக்கா மகள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். பாடம் புரிந்துவிட்ட சந்தோஷம்.

நான் படித்தது ஒன்பதாவதுதான். ஆனால் ஒன்பதாவதை இரண்டு முறை படித்திருக்கிறேன். பத்துக்குக் குறையாது.

மார்ச் 14, வெள்ளி

ஒரு வாரமாக யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று அளந்து, இன்று மேலாளர் அறையில் சுவரில் படம் போட்டுக் காட்டினாள். கிரேனுக்கு ஒரு கம்பம், கேட்டுக்கு ஒரு கம்பம், லாரிகளுக்கு ஒரு கம்பம். எல்லாம் முழங்கால் உயரம். ஓரத்தில் ஒன்று மட்டும் கோபுரம் மாதிரி.

"இது எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார் மேலாளர்.

"அது எங்க மாமா சார்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன்.

பிறகு விளக்கினாள். காற்றில் இருக்கிற இடம் கொஞ்சம்தான். ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் பேசாதவன் இடம் வீணாகும், பேச வேண்டியவன் காத்திருப்பான். அதனால் யாருக்கு அவசரமோ அவர்களுக்கு முதலில். கிரேன் பட்டனை அமுக்கினால் மற்றவர்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும். அடுத்து கேட். அடுத்து லாரி. கடைசியில் கண்ட்ரோல் ரூம். கண்ட்ரோல் ரூம் ஒரு மூச்சுக்கு மேல் பேசினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிடும்.

கடைசியாக வருகிறவன்தான் எல்லாவற்றையும் தாங்குகிறவன் என்று மனைவியிடம் சொன்னேன். "ஏங்க, அந்த 'டிக்' வீட்டுக்கும் கெடைக்குமா?" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

பழைய செட்டுகளையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். நாளைக்கு வெள்ளோட்டம். புது செட்டுகள் தாவப்போகிற சானல்களில் எங்கள் ஏழும் ஒன்று. அதனால் பழையது ஒன்றுகூட யார்டில் இருக்கக் கூடாது. அக்கா மகள் ஒவ்வொரு இடமாகப் போய்ச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். கண்ட்ரோல் ரூம் வாசலில் நின்று, "மாமா, இங்க இருந்ததெல்லாம் குடுத்தாச்சா?" என்றாள்.

"எல்லாம் போயாச்சு" என்றேன். உள்ளே வரவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டாள்.

என் மேசை செட்டைக் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பது? அந்த மைக்கில் இருப்பது என் கண்டுபிடிப்பு. பேசுகிற வரை பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டைவிரல் மரத்துப்போகும். ஒரு ரப்பர் பேண்டை மைக்கைச் சுற்றிப் போட்டேன். பட்டன் மேல் இழுத்துவிட்டால் தானே அமுங்கியிருக்கும். கீழே தள்ளிவிட்டால் விடும். இதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்துகூட ஆள் வந்தார்கள். (லாரி டிரைவர். எல்லை தாண்டி வருகிறவர்.)

நாளைக்குப் புதுசு படுத்துவிட்டால் யார் காப்பாற்றுவது? துண்டால் சுற்றி, மேசைக்குக் கீழே தள்ளி, எதற்கும் தயாராக ஆன் செய்தே வைத்திருக்கிறேன். அவளுக்காகத்தான்.

மார்ச் 18, செவ்வாய்

வெள்ளோட்டம். வரலாற்று நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலிருந்து மாலை வரை ஒரு வார்த்தை தவறவில்லை. விசில் பெட்டிக்குக் கீழே நின்று "நிறுத்து" என்றால், மேலே அந்த 'து' முடிவதற்குள் கிரேன் நின்றது. என்னை மட்டும் 'டிக்' 'டிக்' என்று வெட்டிக்கொண்டே இருந்தது. சரி என்று, ஜன்னலுக்கு வந்த டிரைவர்களிடம் நேரிலேயே பேசினேன்.

மாலையில் மேலாளர் அறையில் அவள் அன்றைய படத்தைப் போட்டாள். எல்லாச் சானலிலும் புள்ளி புள்ளியாகத் தூவியிருந்தது. நடுவில் ஒரே ஒரு சானல் மட்டும் காலையிலிருந்து மாலை வரை கரிக்கோடு மாதிரி முழுக் கறுப்பு. ஏழு.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழுல யாரு? பழைய செட் எல்லாம் எடுத்தாச்சுன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சார்" என்றேன். "சோதனை. ஒரு சானல வேணும்னே அடைச்சு வெச்சேன். அடைச்சாலும் தாவுதான்னு பாக்கணும் இல்லியா? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நான் மட்டும் செஞ்சேன்."

ஆம், வேண்டுமென்றேதான் செய்தேன். மூன்று நாள் யோசித்து, ஏழாம் சானலைத் தேர்ந்தெடுத்து, நானே ரப்பர் பேண்டை இழுத்துவிட்டேன். துண்டில் சுற்றும்போது அது தானாக நழுவிப் பட்டன் மேல் ஏறியிருக்கலாம் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் கற்பனை.

மேலாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "ஒரு சானல் நாள் பூரா செத்துக் கெடந்திருக்கு. யாருக்குமே தெரியல. இதவிட என்ன நிரூபணம் வேணும்?" என்று அவளுக்குக் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள், "மாமா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். சொன்னால் அது சோதனையாகாது என்றேன். அது சரிதான் என்றாள்.

மார்ச் 19, புதன்

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிடங்கின் வாட்ச்மேன் கூப்பிட்டான். அவனிடமும் ஏழாம் சானல் செட் ஒன்று இருக்கிறதாம். எனக்கு இது தெரியாது.

"நேத்து பூரா உங்க நிகழ்ச்சி நல்லா இருந்துச்சு சார். பொழுது போனதே தெரியல. அந்தக் கப்பல் கதைய ஏன் பாதியில விட்டீங்க? கேப்டன் உங்க கையில சுக்கானக் குடுத்த பிறகு என்ன ஆச்சு?"

மிச்சத்தைச் சொன்னேன்.

"கடைசியில சாயங்காலமா, 'அய்யய்யோ, பட்டன் அமுங்கியா இருந்துச்சு'ன்னு ஒரு குரல் வந்துச்சே சார், அது யாரு?"

அது வேறு ஆள் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

கேன்டீனில் இன்று யாரும் மேசை மாறவில்லை. எல்லோரும் கேட்டார்கள், நான் சொன்னேன். கணக்குப் போட்டேன், காற்றின் திசை பார்த்தேன், ரப்பர் பேண்டின் தடிமன்கூட யோசித்துத்தான் எடுத்தேன். மேல்வீட்டுக்காரர், "மாமா, நீங்க படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பீங்க" என்றார். கேட் ஆள், "படிக்காமயே போயிருக்கலாம்" என்றான். அவன் அப்படித்தான்.

மார்ச் 21, வெள்ளி

தலைமை அலுவலகம் நம் சோதனையைக் கேள்விப்பட்டு மயங்கிவிட்டது. ஆற்றங்கரையில் இருக்கிற இன்னொரு யார்டிலும் புது ரேடியோ போடப் போகிறார்கள். அங்கேயும் இதே மாதிரி, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, தூக்கின பெட்டிக்குக் கீழே ஆள் நிற்கும்போதே சானலை அடைத்துப் பார்க்க வேண்டுமாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா மகள் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, செய்முறை எழுதணும். வெளையாட்டு இல்ல. அங்க சானல் கொஞ்சம். சுத்தி மூணு கம்பெனி இதே காத்துல பேசுது. நாம ஒண்ண அடைச்சா தாவறதுக்கு இடம் பத்துமான்னே எனக்குத் தெரியல. அன்னைக்கு நீங்க என்ன பாதுகாப்பு வெச்சீங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

சொன்னேன். மேல்வீட்டுக்காரரிடம் ரகசியமாக முன்பே சொல்லியிருந்தேன். விசிலைப் பெட்டிக்குக் கீழே நிற்காமல் ஓரமாக நிற்கச் சொன்னேன். ரேடியோ போனாலும் தெரியட்டும் என்று கையில் ஒரு சிவப்புக் கொடி கொடுத்தேன்.

"கொடியா? நான் பாக்கலியே."

"மடிச்சு வெச்சிருந்தான்."

எல்லாவற்றையும் தட்டிக்கொண்டாள். அவள் வேகமாகத் தட்டுகிறாள். நான் பேசுகிற வேகத்துக்கு ஈடு கொடுக்கிற முதல் ஆள்.

மனைவி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். இவள் ஏதாவது சொல்லித் தொலைக்கலாம்.

மார்ச் 22, சனி

விசில் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தான். அவன் உள்ளே வருவதே இல்லை. வாசலில் நின்று போய்விடுவான். இன்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாமா, என்னையும் ஆத்தங்கரை யார்டுக்கு அனுப்பறாங்க. அங்க கீழ நின்னு காட்டிக் குடுக்கணுமாம். நீங்க செஞ்ச மாதிரியே செய்யப்போறாங்களாம்."

"நல்ல விஷயம்."

"அன்னைக்கு நான் பெட்டிக்குக் கீழ நின்னேனே. அப்பவா அடைச்சு வெச்சிருந்தீங்க?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லலியே மாமா."

"சொன்னா நீ பயந்திருப்ப."

காலைப் பார்த்தான். இப்போது புது ஷூ, அவன் அளவுக்கு. கட்டிலில் உட்கார்ந்திருக்கிற குழந்தை மாதிரி இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

"சரி மாமா. நீங்க கணக்குப் பாத்துத்தான செஞ்சிருப்பீங்க" என்று எழுந்து போனான்.

மார்ச் 23, ஞாயிறு

என்ன கணக்கு? எந்தக் கணக்கு? ஒரு எழவுக் கணக்கும் கிடையாது. துண்டைச் சுத்தினேன், ரப்பர் பேண்டு ஏறிக்கிச்சு, அவ்வளவுதான். சாயங்காலம் குனிஞ்சு பாத்தா, பட்டன அமுக்கினா எரியற செவப்பு லைட்டு எரியுது. அடுத்த நிமிஷம் மேலாளர் கூப்பிடறார்.

விசில் கையில கொடி எங்க இருந்துச்சு? நம்ம யார்டுல கொடியே இல்லியே. இப்ப ஆத்தங்கரைக்குப் போய் அவன் நிப்பான், சானல் பத்தாது, "நிறுத்து"ம்பான் — கேக்கலைன்னா? யார் சொல்லி அங்க நின்ன? மாமா சொன்னார். மாமாவுக்கு யார் சொன்னா?

சொன்னால் அக்கா மகள் கதி? கையெழுத்து அவளுடையது. பார்க்காமல் போட்டது. என் வார்த்தையை நம்பிப் போட்டது.

சொல்லாவிட்டால் —

அவள் முன் அறையில் இருக்கிறாள். செய்முறையை நாளைக் காலையில் அனுப்பப் போகிறாளாம்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

அவள் அலுவலகம் கிளம்புவதற்கு முன்னால் முன் அறைக்குப் போனேன். "குட்டி, அது சோதனை இல்ல. செட்டக் குடுக்காம ஒளிச்சு வெச்சேன். ரப்பர் பேண்டு நழுவிப் பட்டன் தானா அமுங்கிடுச்சு. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. கொடி கெடையாது" என்றேன். அவ்வளவுதான். வேறு எதுவும் சேர்க்கவில்லை. ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"விசில் கீழதான் நின்னாரா?"

"கீழதான்."

"கையெழுத்து நான் போட்டது மாமா. உள்ள வந்து பாத்திருக்கணும்" என்றாள். அப்புறம், "பரவாயில்ல மாமா" என்றாள். கம்ப்யூட்டரைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "ஒரு வழியா" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

அக்கா மகள் நேற்றே மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டார். பேசினார். நான் பேசவில்லை.

மார்ச் 28, வெள்ளி

பழைய செட்டை என் கையாலேயே ஸ்டோரில் கொடுத்தேன். ஸ்டோர்காரர் ரப்பர் பேண்டைக் கழற்றி, "இது எதுக்கு?" என்றார். "தெரியல" என்றேன்.

விசிலிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். "ரெண்டு தடவ மாமா" என்றான். ஷூவையும் சேர்த்துச் சொல்கிறான்.

ஏப்ரல் 9, புதன்

அவளுடைய நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போய்விட்டது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காக. மூட்டை கட்டச் சொல்லவில்லை. ஆற்றங்கரை யார்டையும் அவள்தான் செய்ய வேண்டும். செய்து காட்டினால் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு போகிறாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனேன். கனமாக இருந்தது. எவ்வளவு கனம் என்று பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

ஆற்றங்கரை யார்டில் புது ரேடியோ ஓடத் தொடங்கிவிட்டது. சானலை அடைத்துப் பார்த்தார்களாம்: சாப்பாட்டு நேரத்தில், வெறும் கொக்கியோடு, கீழே ஒரு ஆளும் இல்லாமல். முதல் தடவை வார்த்தை விட்டுப்போனதாம். இடம் பத்தவில்லை. பக்கத்துக் கம்பெனிகளோடு பேசி, யார் எந்தச் சானலில் எப்போது தாவுவது என்று பங்கு பிரித்த பிறகு சரியாகிவிட்டது. விசில்தான் வந்து சொன்னான். அந்த முதல் தடவையைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இன்னொன்றும் சொன்னான். அங்கே ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அறைக்குள்ளும் போய், மேசைக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டுமாம். அதற்கு "மாமா பாத்தாச்சா?" என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். தொழிலில் ஒரு முறைக்கு என் பெயர் நிலைத்துவிட்டது. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இன்று மதியம் இரண்டு யார்டையும் இணைத்துப் பார்த்தார்கள். என் செட்டில் அவள் குரல் வந்தது.

"கண்ட்ரோல் ரூம், கேக்குதா?"

மாமா என்று கூப்பிடவில்லை. வேலை நேரம்.

"கேக்குது" என்றேன். இன்னும் பேச இடம் இருந்தது. 'டிக்' வரவில்லை. பட்டனை விட்டேன்.

மார்ச் 24-ல் அவள் "பரவாயில்ல மாமா" என்று சொன்னதாக எழுதியிருக்கிறேன். அவள் அதைச் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது.